முதலில் மகமை, பிறகு திருவிழா

விருத்தாசலத்தின் கடைவீதியும் செராமிக் பட்டறைகளும் ஒரே சங்கமாகத் திரண்டால் அதன் செலவுக்கு வழி என்ன? சந்தாவா, விழா வருமானமா என்ற கேள்விக்கு நம் வணிக மரபிலேயே பாதி விடை இருக்கிறது.

விருத்தாசலத்துக்கு ஆள் வரவு குறைவில்லை. மாசி மகத்துக்குப் பழமலைநாதரைத் தரிசிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். நெல்லும் மணிலாவும் உளுந்தும் ஏற்றிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் விவசாயிகள் இன்னொரு பக்கம். சென்னை - திருச்சி பாதையும் கடலூர் - சேலம் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன் என்பதால் வண்டி மாற வருகிறவர்கள் வேறு. இவர்களோடு, அகல் விளக்கையும் கொலு பொம்மையையும் மொத்தமாக வாங்கிப்போக வரும் வெளியூர் வியாபாரிகளும் உண்டு. இந்த நான்கு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. பக்தருக்கு இது செராமிக் ஊர் என்று தெரியாது. பொம்மை வாங்க வந்த வியாபாரி பட்டறையிலிருந்து நேரே ஊருக்குத் திரும்பிவிடுகிறார். மூட்டை விற்ற விவசாயியின் கையில் பணம் இருக்கிறது. அது இந்த ஊர்க் கடைவீதியில்தான் செலவாகும் என்று சொல்ல முடியாது. வருகிறவர்களைக் கடைவீதியின் வாடிக்கையாளர்களாக மாற்றுவது தனிக் கடைக்காரர் ஒருவரால் ஆகிற வேலை அல்ல. அது ஒரு சங்கத்தின் வேலை. சங்கம் என்றால் செலவு உண்டு. அந்தச் செலவை எதிலிருந்து ஈடுகட்டுவது என்பதில்தான் இப்படிப்பட்ட முயற்சிகள் பலவும் தடுக்கி விழுகின்றன.

தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. மாநில அளவில் வணிகர் சங்கங்களின் பேரமைப்பு இருக்கிறது, பேரவை இருக்கிறது. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அரசு 1989இல் வணிகர் நல வாரியமே அமைத்தது. ஆனால் இந்த அமைப்புகளின் பலம் போராட்டத்தில் இருக்கிறது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு, ஜிஎஸ்டி, நெகிழித் தடை என்று பிரச்சினை வரும்போது ஒரே நாளில் கடைகளை அடைக்கச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஒரு தெருவை ஆண்டு முழுவதும் பராமரிப்பது, அதற்குப் பெயர் வாங்கித் தருவது, அங்கே மக்களை வரவழைப்பது ஆகியவை வேறு வகை வேலைகள். கடையடைப்புக்கு ஒரு நாள் ஒற்றுமை போதும். தெருவை வளர்க்க மாதா மாதம் பணம் வர வேண்டும். அந்தப் பணத்துக்கு இரண்டே வழிகள் உள்ளன: உறுப்பினர்கள் தரும் சந்தா, சங்கம் நடத்தும் விழாக்களில் வரும் வருமானம். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. சங்கத்தின் உயிர் சந்தாவில் இருக்க வேண்டும்; அதன் வளர்ச்சி விழாவில் இருக்கலாம். இந்த வரிசை மாறினால் சங்கம் நிலைக்காது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மூட்டைக்கு இவ்வளவு என்ற முறை

வணிகர்கள் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொள்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான இடைக்கால வணிகக் குழுக்கள் தாங்கள் கையாண்ட சரக்கின் மீது ஒரு பங்கை வைத்து, அதைக் கோயிலுக்கும் பொதுக் காரியங்களுக்கும் கொடுத்தன. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உப்பு, மிளகு, பாக்கு, பருத்தி, நூல் என்று சரக்குகளைப் பட்டியலிட்டு, பொதி அளவுக்கு ஏற்ப எவ்வளவு செலுத்த வேண்டும் என்று வரையறுக்கிறது. ‘ஆளுக்கு இவ்வளவு’ என்ற பேச்சு அங்கே இல்லை. சரக்குக்கு ஏற்ற பங்குதான் கணக்கு. பெரிய வியாபாரி அதிகம் தருவார், சிறிய வியாபாரி குறைவாகத் தருவார். யாரும் யாரையும் ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று கேட்டு நிற்க வேண்டிய நிலை இல்லை.

இந்த முறை பிற்காலத்தில் மகமை என்ற பெயரில் மிக அழுத்தமாக வேரூன்றியது அன்றைய ராமநாதபுரம் பகுதியில். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் சரக்கு வண்டிகள் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளை அமைத்தார்கள். அவற்றைப் பராமரிக்க வணிகத்தில் ஒரு பங்கு மகமையாகப் பிடிக்கப்பட்டது. அந்த நிதி பெருகப் பெருக, கோயிலும் கிணறும் பள்ளியும் உருவாயின. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா, மகமையாலும் வீட்டுக்கு வீடு திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி. இந்த வரலாற்றில் இன்றைய சங்கங்களுக்கு மிகவும் தேவையான பாடம் செலவழித்த வரிசையில் இருக்கிறது. முதலில் பேட்டை வந்தது. பள்ளி பிறகு வந்தது. பணம் கொடுத்தவரின் வண்டியும் சரக்கும் முதலில் பத்திரமாயின. தான் கொடுத்த காசுக்கு என்ன நடந்தது என்று அவர் கண்ணால் கண்டார். அந்த நம்பிக்கையின் மீதுதான் பொது அறம் எழுந்தது. இன்று பல சங்கங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் மாநாடு, நினைவு மலர், பாராட்டு விழா. உறுப்பினருக்கு என்ன வசதி என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

மகமைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது சாதி எல்லைக்குள் இயங்கியது. உறவின்முறை என்ற சாதி அமைப்பின் கட்டுப்பாடுதான் வசூலுக்குப் பின்னிருந்த பலம். தர மறுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. இன்றைய கடைவீதியில் எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும் கடை வைத்திருக்கிறார்கள். வாடகைக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியூர் முதலாளிகளின் கிளைகளும் இருக்கின்றன. பழைய கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கணக்கு முறையை மட்டுமே: வணிகத்தின் அளவுக்கேற்ற பங்கு, தொடர்ச்சியான வசூல், கொடுத்தவர் கண்ணுக்குத் தெரியும் செலவு. கட்டுப்பாட்டின் இடத்தில் வெளிப்படையான கணக்கை வைக்க வேண்டும்.

விருத்தாசலத்துக்கு இது அந்நியமான பழக்கமும் அல்ல. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விளைபொருள் வாங்கும் வியாபாரிகள் மதிப்பில் நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணம் செலுத்துகிறார்கள். பதிலுக்கு எடைமேடையும் களமும் கிடங்கும் ஏலமும் கிடைக்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனாலும் சந்தை ஒழுங்காக நடந்தால் கட்டணம் ஒரு சுமையாகத் தெரிவதில்லை என்பதை இந்த ஊர் வியாபாரிகள் பல தலைமுறையாக அறிவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சந்தாவால் எவ்வளவு திரளும் என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். கடைவீதி, பாலக்கரை, ஜங்ஷன் சாலைக் கடைகளும் செராமிக் பட்டறைகளும் சேர்ந்து 300 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் 150 பேர் தரைக்கடை, தள்ளுவண்டி, சிறு பட்டறை நடத்துகிறவர்கள். மாதம் 20 ரூபாய். நடுத்தரக் கடைகள் 100. மாதம் 40 ரூபாய். ஜவுளி, நகை, வீட்டு உபயோகப் பொருள் போன்ற பெரிய கடைகள் 50. மாதம் 80 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 1,32,000 ரூபாய். மாதத்துக்கு 11,000 ரூபாய். வசூலுக்குச் செல்லும் பகுதிநேர ஊழியர் ஒருவர், கணக்கெழுதும் செலவு, தணிக்கையாளர் கட்டணம், ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றோடு இது தீர்ந்துவிடும். இதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கம் மூடாமல் இருப்பதற்கு வேண்டிய தொகை இதுவே. யாருடைய தயவும் இல்லாமல், மழை பெய்தாலும் விழா நடக்காமல் போனாலும், சங்கத்தின் கதவு திறந்திருக்கும்.

தொகையைச் சிறிதாக வைப்பதற்கு வரிச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. வணிகத்தையும் தொழிலையும் வளர்ப்பதற்காக லாப நோக்கமின்றி இயங்கும் பதிவு பெற்ற அமைப்பு, உறுப்பினர் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 1,000 ரூபாய் வரை பெறும் சந்தாவுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மேலே சொன்ன மூன்று படிகளும் அந்த வரம்புக்குள் அடங்குகின்றன. சிறு சங்கம் வரிச் சிக்கலில் மாட்டாமல், சுலபமாகச் சொல்லி சுலபமாக வசூலிக்கக்கூடிய அளவு இது. படிகள் வேறாக இருந்தாலும் ஓட்டு ஒன்றாகவே இருக்க வேண்டும். 80 ரூபாய் தருகிறவருக்கு நான்கு ஓட்டு என்றால், 20 ரூபாய் தருகிறவர் இரண்டாம் ஆண்டே விலகிவிடுவார்.

தெருவில் விளக்குத் தோரணம், பட்டறைகளுக்கு வழிகாட்டும் பலகை, வெளியூர் வாடிக்கையாளருக்கான கழிப்பறை, செராமிக் பொருள்களுக்கு ஒரு பொதுக் காட்சிக்கூடம் என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு இந்தச் சந்தா போதாது. அதற்குத்தான் விழா. மூன்று நாள் செராமிக் சந்தையில் 60 கடைகளுக்கு இடம் கொடுத்து நாளொன்றுக்கு 500 ரூபாய் வாங்கினால் 90,000 ரூபாய் வரும். பந்தல், மின்சாரம், துப்புரவுச் செலவு போக மிஞ்சுவது அத்தனையும் பொது வேலைக்குப் போக வேண்டும். சம்பளத்துக்கோ வாடகைக்கோ அதில் ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியைச் சங்கத்தின் சட்டதிட்டத்திலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டைகள் வராது.

அரிதா நகரம் சொல்வது

பீங்கானால் பெயர் பெற்ற சிற்றூர் ஒன்று சங்கத்தின் முயற்சியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜப்பானின் அரிதா சான்று. சுமார் 20,000 பேர் வாழும் ஊர் அது. ஆண்டுதோறும் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே நடக்கும் பீங்கான் சந்தைக்குப் பத்து லட்சம் பேர் வரை வருகிறார்கள். சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத் தெருவின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கடைகள். நடத்துவது அவ்வூரின் வணிக, தொழில் சபை; உறுப்பினர் கட்டணம் பெற்று இயங்கும் அமைப்பு. இந்தச் சந்தையின் வேர் 1896இல் நடந்த பீங்கான் தரப் போட்டியில் இருக்கிறது. யாருடைய படைப்பு சிறந்தது என்று தீர்மானித்த நிகழ்ச்சி அது. கிடங்கில் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்கும் பழக்கம் 1915இல்தான் அதனோடு சேர்ந்தது. முதலில் தரம், பிறகு விற்பனை என்று இரு பதிற்றாண்டுக் காலம் அவர்கள் பொறுத்திருந்தார்கள்.

அதே அரிதாவிலிருந்து மற்றொரு பாடமும் கிடைக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது தெருச் சந்தை நடக்கவில்லை, இணையத்தில் நடந்தது. விழா வருமானத்தை மட்டும் நம்பியிருந்த அமைப்புகளுக்கு உலகெங்கும் அந்த ஆண்டு ஓர் இருண்ட ஆண்டு. விருத்தாசலத்துக்குக் கொரோனாவே வர வேண்டும் என்பதில்லை. வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் கொட்டினால் போதும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. விழா ஒன்றையே நம்பிய சங்கம் அப்படி ஒரு ஆண்டில் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் கலையும். சந்தாவில் நிற்கிற சங்கம், அதே ஆண்டில் நிவாரணத்தை ஒருங்கிணைக்கும்.

தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு கோயம்புத்தூரின் கொடிசியா. 1969இல் சிறு தொழில்முனைவோர் சங்கமாகத் தொடங்கிய அது இன்று சொந்தக் கண்காட்சி வளாகம் வைத்திருக்கிறது. இயந்திரக் கண்காட்சியும் புத்தகத் திருவிழாவும் நடத்துகிறது. வளாகம் முதலில் எழுந்து, சங்கம் பிறகு வரவில்லை. பல ஆண்டுகள் உறுப்பினர்களைச் சேர்த்து, அவர்களின் குறைகளை எடுத்துச் சென்று, நம்பிக்கை பெற்ற பிறகே அந்தப் பெரிய முதலீட்டுக்கு வழி பிறந்தது.

விருத்தாசலத்தின் விழா எந்த மாதத்தில் அமைய வேண்டும்? மாசி மகத்தில் கூட்டம் தானாகவே வருகிறது. அங்கே சங்கம் இன்னொரு விழா நடத்துவது கூட்டத்தைக் கூட்டாது, நெரிசலைத்தான் கூட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆவணி மாதம் பொருத்தமானது. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மையும் கார்த்திகை தீபத்துக்கு அகலும் மொத்தமாகக் கொள்முதல் ஆகிற பருவத்துக்குச் சற்று முன்னதாக, பட்டறைகள் தங்கள் புது அச்சுகளைக் காட்டுவதற்கு அதுவே தருணம். தொழில் வணிகத் துறையின் கீழ் இங்கே பீங்கான் தொழில்நுட்பக் கல்விக் கூடம் இருக்கிறது. அதன் மாணவர்களையும் பட்டறைக் கைவினைஞர்களையும் ஒரே போட்டியில் இறக்கினால், 1896இல் அரிதா செய்த காரியத்தை விருத்தாசலமும் தொடங்கியதாக ஆகும்.

விழாச் செலவை ஏற்பவர்கள் விழாவையே ஏற்றுக்கொண்டு விடும் ஆபத்தும் உண்டு. ஒரே நிறுவனத்தின் பெயர் பந்தல் முழுதும் தொங்கினால், அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் விலகும்போது பந்தலும் விலகும். இதற்கும் நம் கோயில்கள் விடை வைத்திருக்கின்றன. திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு தரப்பு ஏற்றுக்கொள்ளும் மண்டகப்படி முறையில் யாரும் முழு விழாவுக்கும் சொந்தக்காரர் ஆவதில்லை. ஒரு நாள் ஜவுளிக் கடைகள், ஒரு நாள் நெல் வியாபாரிகள், ஒரு நாள் பட்டறைகள் என்று பிரித்துக்கொண்டால் பெருமையும் பகிரப்படும், சுமையும் பகிரப்படும்.

எழக்கூடிய மறுப்புகள்

‘ஏற்கெனவே வரி கட்டி அலுத்துவிட்டோம்’ என்பதே முதல் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரி, ஊரையும் கட்டடத்தின் பரப்பையும் வகையையும் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. தொழில் உரிமம், தொழில் வரி, ஜிஎஸ்டி எல்லாம் தனி. இவற்றுக்கு மேல் சங்கமும் கை நீட்டுமா? குப்பை அள்ளுவதும் சாக்கடை தூர்வாருவதும் நகராட்சியின் கடமை. சங்கம் அந்த வேலையைத் தன் காசில் செய்யத் தொடங்கினால் நகராட்சி நிம்மதியாக ஒதுங்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து வணிகர் பணத்தில் இயங்கும் வணிக மேம்பாட்டுப் பகுதிகள் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கின்றன. உள்ளாட்சி இப்போது செய்து வருகிற பணிகள் எவை என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வணிகர் பணம் அதற்கு மேற்பட்ட பணிகளுக்கு மட்டுமே போகும். விருத்தாசலம் சங்கமும் நகராட்சியிடம் அப்படி ஒரு பட்டியலைப் பெற்று, கடைவீதியில் ஒட்டிவைக்க வேண்டும். தனி வியாபாரி கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். 300 ரசீதுகளோடு சங்கம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

‘தராதவரும் பலன் அடைவாரே’ என்பது இரண்டாவது மறுப்பு. விளக்குத் தோரணம் சந்தா கட்டாத கடைக்கு முன்னாலும் எரியும். கனடாவின் டொரோண்டோவில் 1970இல் புளூர் வெஸ்ட் வில்லேஜ் தெருவில் உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதி உருவானதற்கு இந்தச் சிக்கலே காரணம். பெரும்பான்மை வணிகர்கள் ஒப்புக்கொண்டால், எல்லோரும் கட்ட வேண்டும் என்று சட்டமே சொன்னது. இங்கிலாந்திலும் அப்படித்தான், ஆனால் எண்ணிக்கையிலும் சொத்து மதிப்பிலும் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சந்தைக் கடைகளில் முதல் உரிமை, பொது விலைப்பட்டியலில் இடம், பீங்கான் உடையாமல் அனுப்ப லாரி பார்சலில் கூட்டுக் கட்டணம் என்று உறுப்பினருக்கு மட்டுமே கிடைக்கும் பலன்களை உருவாக்கலாம். கட்டியவர் பெயர்களை மாதந்தோறும் பலகையில் எழுதுவதும் கட்டாதவரை யோசிக்க வைக்கும்.

மூன்றாவது மறுப்பு, பட்டறைக்காரர்களிடமிருந்து வரும். ‘எங்கள் சரக்கு வெளியூரில் விற்கிறது. கடைவீதி நன்றாக இருந்தால் எங்களுக்கு என்ன லாபம்?’ என்று அவர்கள் கேட்கலாம். விருத்தாசலத்தின் செராமிக் தொழில் அரசு அமைத்த வசதிகளின் மேல் வளர்ந்தது. பொம்மை, அகல், மின்சாதனப் பீங்கான் என்று பரவியது. மலிவான பிளாஸ்டிக்கும் வெளிமாநிலப் பீங்கானும் போட்டியிடும் காலத்தில், பெயரில்லாச் சரக்காக விற்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா பீங்கானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வாங்குகிறவர் ஊர்ப் பெயர் கேட்டு வாங்குகிறார். ஊர்ப் பெயரைச் சரக்கோடு ஒட்ட வைப்பதற்கு ஊரே ஒரு காட்சிக்கூடமாக இருக்க வேண்டும். மேலும், குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில் பொது வசதி மையம் கேட்டால், செலவில் ஒரு பங்கைத் தொழில்முனைவோரே கூடிப் போட வேண்டும். மாதம் 20 ரூபாய் தவறாமல் திரட்டிப் பழகாதவர்கள், அந்தப் பெரிய பங்கைத் திரட்ட முடியும் என்று அரசை நம்பவைப்பது கடினம்.

தரைக்கடைக்காரர்களைச் சங்கத்தில் சேர்ப்பதா என்ற கேள்வி கடைசியில் வந்தாலும், சங்கத்தின் நேர்மையைச் சோதிப்பது அதுதான். கடை வாடகையும் வரியும் கட்டுகிறவர்கள், வாசலை மறித்துக் கடை போடுகிறவர்களை எப்படிச் சமமாக ஏற்பார்கள்? 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது. அவர்களை விலக்கிவிட்டு நடத்தும் விழாவுக்கு எதிராக அவர்கள் நிற்பார்கள். 20 ரூபாய் படியில் உறுப்பினராக்கி, விழா நாட்களில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களோடு பேசித் தீர்மானித்தால், தெரு ஒழுங்காவதற்கு அவர்களே காவல் நிற்பார்கள்.

எனவே வரிசை இதுதான்: சங்கத்தைப் பதிவு செய்வது, மூன்று படிச் சந்தாவைத் தொடங்குவது, நகராட்சியிடம் அதன் பணிப் பட்டியலை எழுதி வாங்குவது, முதல் ஆண்டுச் சந்தாவிலிருந்தே உறுப்பினர் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு வசதியைச் செய்து முடிப்பது, தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் படிப்பது, அதற்குப் பிறகே ஆவணிச் சந்தை. விழா எவ்வளவு பிரமாதமாக நடந்தது என்று பத்திரிகைகள் எழுதும். அது நடந்த மறுமாதம் எத்தனை கடைகள் சந்தா கட்டின என்ற எண்ணிக்கையைப் பொருளாளர் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு உயருமானால், விருத்தாசலத்தின் சங்கம் தன் காலில் நிற்கிறது என்று நம்பி அடுத்த பெரிய முதலீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.